ரேகை, பெயர், குரல்: பாம்பன் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன் கடைத்தெருவில் ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு விரல் ரேகைக் கருவி, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. இவ்வளவுதான் என் கடை. ஓய்வூதிய மனு, நலவாரிய விண்ணப்பம், முகவரி மாற்றம் என்று எழுதிக் கொடுப்பது தொழில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களில், நாற்காலி போதாது. ஆண்கள் கரையில் இருப்பதால் ஒத்திப்போட்ட வேலையெல்லாம் அப்போதுதான் வரும். கேள்விகளும் அப்படியே. திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

டிஜிட்டல் அடையாளம் என்றால் ஆதார் அட்டைதானே?

ஆதார் அதில் ஒரு துண்டு. விசைப்படகில் கடலுக்குப் போகும் ஒரு தொழிலாளியைப் பாருங்கள். படகின் பக்கவாட்டில் பதிவு எண். கடலுக்குப் போக மீன்வளத்துறையிடம் வாங்கிய டோக்கன். பையில் மீனவர் அடையாள அட்டை. 2008 மும்பைத் தாக்குதலில் வந்தவர்கள் மீன்பிடிப் படகில் வந்தார்கள் என்பதால், அதன் பிறகு ரேகை பதிந்து கொடுக்கப்பட்ட அட்டை அது. போனில் யுபிஐ, வாட்ஸப் முகப்பில் மகளின் படம். அத்தனையும் சேர்ந்துதான் அவருடைய டிஜிட்டல் அடையாளம்.

கரையில் நிற்பவருக்கு நடையைத் தூரத்தில் பார்த்தாலே வருவது யார் என்று தெரியும். கணினிக்கு ஆளைத் தெரியாது. முன்பு பதிந்ததும் இப்போது காட்டுவதும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். என்னிடம் வருகிற சிக்கல்களில் பாதி இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கிறது.

ஆதார் எண்ணில் உள்ள 12 இலக்கங்களுக்கும் அர்த்தம் உண்டா?

கிடையாது. படகு எண்ணுக்கு உண்டு: முதலில் நாடு, அடுத்து மாநிலம், அடுத்துப் பதிவு செய்த இடம், பிறகு விசைப்படகா வேறு வகையா என்பது. படகு எண்ணைப் படித்தாலே ஊர் தெரியும். ஆதார் எண்ணை வேண்டுமென்றே ஊமையாகப் படைத்திருக்கிறார்கள். சாதி, மதம், மாவட்டம், பிறந்த ஆண்டு எதுவும் அதில் இல்லை. எண்ணைப் பார்த்து ஆளை எடைபோடக் கூடாது என்பது நல்ல யோசனைதான். கடைசி இலக்கம் மட்டும் ஒரு காவல்காரன். மற்ற 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. 1969-இல் வெர்ஹோஃப் என்ற டச்சுக் கணிதர் வெளியிட்ட முறை அது. ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றி அடித்தாலோ எண் செல்லாது என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணைக் கூட்டினால் 8 வருகிறது, அதனால்தான் நிவாரணம் வரவில்லை என்று ஒரு பெரியவர் என்னோடு அரை மணி நேரம் வாதாடினார். அவர் வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைக்கவே இல்லை என்பதுதான் காரணம்.

ஒவ்வொரு தாளிலும் என் பெயர் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. எதைத் திருத்துவது?

இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு பெரும்பாலும் உங்களுடையது அன்று.

தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அம்மா மஞ்சள் பையில் மூன்று தாள்களோடு வந்தார். பெயர் அந்தோணியார் வழி வந்தது, இந்தக் கரையில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு உள்ள பெயர். குடும்ப அட்டையில் மூன்று சுழி ‘ண’. ஆதாரில் இரண்டு சுழி ‘ன’. வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில், ‘டி’க்குப் பிறகு ‘எச்’ இல்லாமல். மூன்று ஊழியர்கள் மூன்று நாளில் காதால் கேட்டு எழுதியது. அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “மூன்றும் நான்தானே?” என்றார். ஆமாம் என்றேன். கணினி இல்லை என்றது.

தமிழில் ஒரே ‘ப’வை வைத்துக்கொண்டு இரண்டு ஒலி எழுப்புகிறோம். ‘த’வும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஏறும்போது ஆளுக்கு ஓர் எழுத்து. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் இது இன்னும் பாடு. முகம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் ‘ஓ’ போட்டும் ‘யு’ போட்டும், ‘எம்’ ஒன்று போட்டும் இரண்டு போட்டும் எழுதுகிறார்கள். தகப்பனும் மகனும் ஆளுக்கொரு எழுத்தில் இருக்கும் வீடுகள் உண்டு.

அடுத்தது குடும்பப் பெயர் என்னும் கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், அதோடு சரி. வேறு ஊரார் வழக்கத்துக்காக வரைந்த படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் படிவம் நகராது. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு வருகை விசா இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது கீழக்கரைக் காக்காமார் (முஸ்லிம் அண்ணன்மார்) பலர் திண்டாடினார்கள். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. முதலெழுத்துக்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது அந்தக் கணினிக்கு எப்படித் தெரியும்?

இனி வழி. பள்ளிச் சான்றிதழோ பாஸ்போர்ட்டோ, மாற்றுவதற்கு எது மிகக் கடினமோ அதை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் ஓர் எழுத்துப் பிசகாமல் அதற்குப் பொருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்றலாம். ஆகவே அவசரப்பட்டு முதலில் ஆதாரைத் திருத்தாதீர்கள். அந்த அம்மாவுக்கு ஆதாரைத் தொடவே இல்லை. வங்கிக்கும் குடும்ப அட்டைக்கும்தான் மனு எழுதினேன்.

ரேஷன் கடையில் என் விரல் ரேகை விழவில்லை. பொருள் இல்லை என்று அனுப்பிவிடலாமா?

அனுப்பக் கூடாது. ரேகை விழாத ஒரே காரணத்துக்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்பது விதி. கருவிழி பார்க்கும் கருவி பல கடைகளில் வந்துவிட்டது, அதைக் கேளுங்கள். பதிவு செய்த போனுக்கு ஓடிபி அனுப்பச் சொல்லலாம். நடக்க முடியாத முதியவர்கள் தமக்குப் பதில் இன்னொருவரை அனுப்புவதற்கும் படிவம் இருக்கிறது.

ரேகை ஏன் விழவில்லை என்று கேட்டால், உழைப்பில் தேய்ந்ததுதான். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு, முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுப்பார்கள். பாறை துணியையும் கிழிக்கும், தோலையும் கிழிக்கும். உப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அப்படி ஒரு பாட்டி என் கருவியில் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. சேலையில் துடைத்து வைத்தார். சிவப்பு. ஆள்காட்டி விரல், சிவப்பு. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, ஈரம் முழுவதும் போவதற்குள் இடது மோதிர விரலை அழுத்தினோம். பச்சை. “இந்த விரல் வேலை செய்வதில்லை, அதனால் அரசாங்கத்துக்குத் தெரிகிறது” என்றார். நாற்காலியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் அவர் யார் என்று தெரியும்.

அவர்கள் கதையில் இன்னொரு சுழிப்பும் உண்டு. வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவான பிறகு, தீவை ஒட்டிப் பாசி எடுப்பது தடைக்குள் வந்தது. ரேஷன் கடையில் ‘நான்தான்’ என்று நிரூபிக்கப் போராடும் அதே கை, தீவோரம் காவலர் வந்தால் ‘நான் இல்லை’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆதார் நகல் கேட்டால் கொடுக்கலாமா?

விடுதிக்கும் சிம் கடைக்கும் நகலை இறைக்க வேண்டாம். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பதிவிறக்கி அதைக் கொடுங்கள். எண்ணையே கேட்டால், 16 இலக்க மெய்நிகர் எண் உண்டு, வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். ரேகையைப் பூட்டி வைக்கவும் வசதி இருக்கிறது. ஆனால் மாதாமாதம் ரேகை வைத்துப் பொருள் வாங்குபவர் அதைப் பூட்டிவிட்டு என்னிடம் வந்து நிற்க வேண்டாம். ஓடிபியை நான் கேட்டாலும் சொல்லாதீர்கள், நீங்களே அடியுங்கள்.

பழைய சிம்மை விட்டுவிட்டேன். அதனால் என்ன?

நிறைய. துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். உங்கள் வங்கியின் ஓடிபி முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்குப் போய்ச் சேரும். எண்ணை மாற்றுவதற்கு முன் வங்கி, ஆதார், எரிவாயு, மூன்று இடத்திலும் சொல்லிவிடுங்கள்.

புயல் பற்றி வாட்ஸப்பில் வருவதை நம்பலாமா? கூண்டு எண் கூடினால் ஆபத்தும் அந்த அளவுக்குக் கூடுமா?

முதலில் கூண்டு. ‘பாம்பனில் 3-ஆம் எண் கூண்டு’ என்று செய்தி வந்தால் எல்லோரும் பரீட்சை மதிப்பெண் போல வாசிக்கிறார்கள். அது பாதிதான் சரி. 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் இந்தத் துறைமுகத்துக்குப் பாதிப்பு வரலாம். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். ஆனால் 5-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாடு பலத்தில் இல்லை, திசையில் இருக்கிறது. புயல் போகும் பாதைக்கு இடப்புறம் துறைமுகம் இருந்தால் 5, வலப்புறம் இருந்தால் 6, புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. 8, 9, 10 என்பது தீவிரப் புயலுக்கு இதே கணக்கு. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும். படிக்கத் தெரியாதவரும் நடுக்கடலிலிருந்து படிக்கலாம், வரிசை மட்டும் தெரிந்திருந்தால்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது 11. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். செய்தி இல்லை என்பதையும் ஒரு செய்தியாக்கி ஏற்றுகிறார்கள்! 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டுபோனதைக் கேட்டு வளர்ந்த கரை இது. கம்பிகள் அறுந்து கிடந்த அந்த இரவில், என்ன ஆயிற்று என்பது வெளியூருக்கு உடனே தெரியவில்லை. போனில் சிக்னல் இல்லை என்றால் நாம் சலித்துக்கொண்டு அணைத்து வைக்கிறோம். அந்தக் காலத்தார் அதற்கும் ஒரு கூண்டு வைத்திருந்தார்கள்.

இப்போது வாட்ஸப். கூண்டு நிற்கும் இடமே ஊரைச் சொல்கிறது. இப்போது நிற்கிறது என்பதே தேதி. ஏற்றியது துறைமுக அலுவலகம் என்பதில் ஐயம் இல்லை. ஆபத்து போனதும் இறக்கிவிடுவார்கள். ஃபார்வர்டில் இந்த நான்கும் இல்லை. 2018 நவம்பரில் வந்த கஜா புயலின் படங்கள் ஒவ்வொரு ஐப்பசியிலும் புதிதாகப் பிறந்து வருகின்றன. ஏற்றியவன் யார் என்று தெரியாததால் இறக்கவும் ஆள் இல்லை.

ஆகவே எது வந்தாலும் எந்த ஊர், எந்தத் தேதி, யார் சொன்னது என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அனுப்பாதீர்கள். வானிலை ஆய்வு மையம், ஐதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் கடல் தகவல் மையம், நம் பாம்பனிலேயே 90.4-இல் ஒலிக்கும் கடல் ஓசை சமுதாய வானொலி, இவை போதும். 2016-இல் தொடங்கிய அந்த வானொலி மீனவர்களுக்காகவே நடப்பது. ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில்’ என்ற வரியைத் தாளில் படிப்பது ஒரு வகை. வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் வேறுபாடு தெரிந்த ஒரு குரல், வடகடலா தென்கடலா என்று சொல்லிக் கேட்பது வேறு வகை. எண் ஒன்றுதான், ஆனால் வலையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுபோக வைப்பது அந்தக் குரல்.

பேரன் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறான். இது மொழியைக் கெடுக்காதா?

கெடுப்பது சோம்பல். அதற்கு எழுத்தைப் பழி சொல்ல வேண்டாம். கீழக்கரைக்குப் போய்ப் பாருங்கள், தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் நூல்கள் இன்றும் வீடுகளில் உண்டு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியும் கோடும் சேர்த்துப் புது எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அந்த எழுத்தில் எழுதியவர்களில் பேர்பெற்றவர். குர்ஆன் ஓதக் கற்ற பெண்கள் அதே எழுத்தில் தமிழையும் படித்தார்கள். அங்கே ‘ழ’வுக்கும் ‘ள’வுக்கும் இடம் கொடுக்க மெனக்கெட்டார்கள். உங்கள் பேரன் மெனக்கெடவில்லை, அதுதான் வேறுபாடு. போனில் தமிழ் விசைப்பலகை இருக்கிறது, இரண்டு நாளில் கை பழகிவிடும்.

கேடு வேறு இடத்தில் நடக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. ஒரு கோயில் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பல ஆண்டுகளுக்கு முன் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். என் கணினியில் திறந்தால் ஆங்கிலக் குறிகளும் கமாக்களும் கொத்தாக நின்றன. பெயர்கள் எங்கும் போகவில்லை, அந்த எழுத்துரு என் கணினியில் இல்லை, அவ்வளவுதான். தேடிப் பிடித்து நிறுவியதும் நூற்றுக்கணக்கான குழந்தைகள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1991 முதல் யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் இருக்கிறது. வீட்டிலோ சங்கத்திலோ பழைய எழுத்துருவில் கோப்பு இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

தனுஷ்கோடியில் என் போன் இலங்கைக்கு வரவேற்கிறது. படகில் டிரான்ஸ்பாண்டர் வைத்தால் நம்மைக் கண்காணிப்பார்களா?

தலைமன்னார் 30 கிலோமீட்டர்கூட இல்லை. அந்தக் கோபுரத்தின் அலை இங்கே எட்டுகிறது, ரோமிங்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் காசு போகும். அலைக்கு எல்லை தெரியாது. இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டில் விடிந்த வீடுகள்தானே நம்முடையவை, அன்று யாரும் ரோமிங் கட்டணம் கேட்கவில்லை.

டிரான்ஸ்பாண்டர் இஸ்ரோ வடிவமைத்தது. போன் எட்டாத இடத்திலும் கரைக்கும் படகுக்கும் இடையே செய்தி போய்வரும், புயலையும் எல்லையையும் முன்கூட்டிச் சொல்லும். கண்காணிக்குமா என்றால், ஆம், படகு எங்கே என்று கரைக்குத் தெரியும். இரண்டும் ஒரே கருவியின் வேலை, ஒன்றை மட்டும் வாங்க முடியாது. ஆனால் திரையில் விழும் புள்ளிக்கு வாய் இல்லை. 1974, 1976 இந்திய–இலங்கை ஒப்பந்தங்களின் கடல் எல்லைக் கோட்டை வைத்துப் படித்தால் ‘எல்லை தாண்டியது’. படகில் இருப்பவர் படித்தால் ‘பாட்டன் வலை விரித்த இடம்’. எஞ்சின் நின்று நீரோட்டம் இழுத்துப் போனதா என்பதும் அந்தப் புள்ளியில் இல்லை. ஆகவே எஞ்சின் பழுதானால் உடனே கருவியிலோ வயர்லெஸ்ஸிலோ சொல்லுங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554. சொன்ன நேரம் பதிவாகியிருந்தால் புள்ளிக்குப் பக்கத்தில் உங்கள் சொல்லும் இருக்கும்.

மகன் குரலில் போன் வந்தது, பணம் கேட்டான். மகன் இல்லையாம்!

சில நொடிக் குரல் இருந்தால் அதே மாதிரி பேசவைக்கும் மென்பொருள் வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு மகனின் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். பணம் போய்விட்டால் அந்த மணிநேரமே 1930-க்குச் சொல்லுங்கள்.

கணவர் இறந்துவிட்டார். அவர் போனை என்ன செய்வது?

அவர் எண்ணுக்கு வரும் ஓடிபியை வைத்து அவர் கணக்கிலிருந்து பணம் எடுக்காதீர்கள். இறப்புச் சான்றோடு வங்கிக்குப் போய் நாமினியாகக் கேளுங்கள். அந்த வேலை முடியும்வரை சிம்மை உயிரோடு வைத்திருங்கள். 120 நாள் தொடாமல் இருந்தால் வாட்ஸப் கணக்கு நீங்கிவிடும். கூகுள் கணக்குக்கு 2 ஆண்டு. படங்களையும் குரல் பதிவுகளையும் முன்பே வேறிடத்தில் நகல் எடுத்துவிட வேண்டும்.

சென்ற ஆடியில், கணவரை இழந்த ஒரு தங்கை இதற்காகத்தான் வந்தார். பணம், காப்பீடு எல்லாம் அவர் அண்ணன் பார்த்துக்கொண்டார். அந்தத் தங்கைக்கு வேண்டியது 11 நொடிக் குரல் பதிவு ஒன்று. மெமரி கார்டில் ஏற்றிவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தேன். பாலத்தைத் தாண்டிவிட்டோம், சோறு வை என்று ஒரு குரல். அதற்கு மேலே எஞ்சின் இரைச்சல், பாதிச் சொல் அதில் மூழ்கியிருந்தது. இரைச்சலைக் குறைத்துக் குரலை மட்டும் தெளிவாக்கித் தருகிறேன், கணினியில் அதற்கு வழி இருக்கிறது என்றேன். வேண்டாம் என்றார். அது அவர்கள் படகு எஞ்சின், சத்தத்திலேயே தெரியுமாம்.